மேடைக்கு மேலே எழுபத்திரண்டு கிலோ

போன கிழமை அத்தியாயத்தில் ரிஸ்னாவைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில், ஓட்டோவுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தோம். பாவம், பிள்ளை இன்னும் அங்கேதான் இருந்தாள். முன்னால் பஸ், பின்னால் மரக்கறி லொறி, காதில் டெலிபோன்.

மறுமுனையில் மயில்வாகனம். சுந்தரலிங்கம் முதலாளி புதிதாகக் கட்டியிருக்கும் கலியாண மண்டபத்தின் கட்டட எஞ்சினியர்.

“பிள்ளை, நீர் அனுப்பின புதுப் படம் நேற்றுத்தான் என்ர மேசைக்கு வந்தது. ஒரு பக்கத்துக்கு முந்நூற்றி எண்பத்தஞ்சு கிலோ எண்டு போட்டிருக்கு. நான் முந்நூற்றம்பதுக்குத்தானே கடிதம் தந்தனான்?”

“புதுப் படமா? நான் ஒண்டும் அனுப்பல்லயே சேர்.”

“உம்மட கையெழுத்துக் கிடக்குது.”

ரிஸ்னா டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“நான் இப்ப குருநாகல்லை நிக்கிறன். நாலு மணிக்கு மண்டபத்துக்கு வாறன். அதுக்குள்ளை அந்தப் பாரத்தை இறக்கி வையும். கையெழுத்துக் கதையை நேரிலை கதைப்பம்.”

அவ்வளவுதான். ரிஸ்னா ஓட்டோக்காரனுக்குக் காசைக் கொடுத்தாள், இறங்கினாள், பாலத்தின் ஓரமாக நடக்கத் தொடங்கினாள். நடை என்ன நடை, ஓட்டம்தான். சால்வை தோளில் நிற்கவில்லை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த மண்டபத்தில் முதல் கலியாணம். அதுவும் முதலாளியின் சொந்த மகள் சஞ்சீவனியின் கலியாணம். இன்றைக்கு இரண்டு மணிக்கு மணவறைக்காரர்கள் கம்பளமும் பூவும் கொண்டு வருவார்கள். கம்பளம் விரித்துவிட்டால் அதன் மேல் இரும்பு ஏணி மேடையை உருட்ட முடியாது. ஏணி மேடை இல்லாவிட்டால் கூரைப் பீமில் தொங்குகிற எதிலும் கை வைக்க முடியாது.

மணி ஒன்பதரை.

மண்டபத்துக் கதவைத் தள்ளியதும் ரிஸ்னா அண்ணாந்து பார்த்தாள். மேடையின் இரு பக்கமும் லைன் அரே தொங்கியது. ஒன்றின் கீழ் ஒன்றாகக் கொளுவிய ஆறு ஸ்பீக்கர் பெட்டிகள். தூரத்தில் நின்று பார்த்தால் வாழைக்குலை மாதிரி இருக்கும். மேல் பெட்டிகள் கடைசி வரிசைக் காதுகளுக்கு, கீழே வளைந்து வருபவை முன் வரிசைக் காதுகளுக்கு. எந்தப் பெட்டி எத்தனை பாகை சரிய வேண்டும், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று இரண்டு மாதம் குந்தியிருந்து கணக்குப் போட்டவள் அவள்தான்.

ஆனால் ஆறு பெட்டிக்கு மேலே ஏழாவதாக ஒன்று குந்தியிருந்தது. கறுப்பாக, அகலமாக. அடித்தொனிக்கான சப்வூஃபர். மேடைக்குக் கீழே, கொங்ரீற்றுத் தரையில் இருக்க வேண்டிய பெட்டி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் எழுபத்திரண்டு கிலோ.

அதற்கு நேர் கீழே கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள் நாலு பெண்பிள்ளைகள்.

“தங்கச்சிமார், அங்கால வாங்க! எல்லாரும் அங்கால வாங்க! கதிரய விடுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து ஹுதைபா எழும்பி வந்தான். அவளுடைய நானா, அதாவது அண்ணன். இவளைவிட ஆறு வயது மூத்தவன். கடுகண்ணாவையில் வாப்பா தாஸிம் நடத்தும் சவுண்ட்ஸ் கடையில், தூக்குகிற வேலை, மாட்டுகிற வேலை எல்லாம் அவன் கையில்தான்.

“ஏன் நீ பேயக் கண்டவ மாதிரி கத்துற? புள்ளைகள் பயந்துட்டாங்க.”

“சப்ப யாரு நானா மேல ஏத்தின?”

“நான்தான் ஏத்தின. வாப்பா சொன்ன.”

“பாரம் பாத்தீங்களா?”

“பாத்த, பாத்த. முப்பத்தஞ்சு கிலோதான் கூட. ஒரு அரிசி மூடை கூட இல்ல.” ஹுதைபா சிரித்தான். “பீம் அஞ்சு தாங்கினா எஞ்சினியர்மார் ஒண்டுண்டுதானே எழுதிய. பீம் ஒண்டும் ஆகாது.”

“அந்த அஞ்சு எங்களுக்குத் தந்ததில்ல நானா. கீழ ஈக்கிற தலைகளுக்குத் தந்தது. அத எடுத்துச் செலவழிக்க எங்களுக்கு ஏலாது.”

“தொடங்கிட்டா டீச்சரம்மா.”

பெண்பிள்ளைகள் வெளியே போகும்வரை ரிஸ்னா நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“புதுப் படம் ஒண்டு மயில்வாகனம் சேருக்குப் போயீக்கி. அதுல என்ட கையெழுத்து ஈக்காம்.”

ஹுதைபாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

“எனக்கு அது தெரியா. அல்லாவுக்காக எனக்குத் தெரியா. நீயும் நானும் தெல்தெனியவுல வேற ஒரு கலியாண ஹோல அளந்துக்கிட்டு ஈந்தமே ஒரு நாள் பூரா? அண்டைக்குத்தான் வாப்பா தனிய முதலாளிட்ட வந்த. ராவு சாப்பாட்டுல சொன்ன, சப் கீழ வாணாம், மேல தூக்கிருண்டு. நான் தூக்கின. அவ்வளவுதான்.”

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

“ஒனக்கிட்ட சொன்னா நீ சண்ட பிடிப்பேண்டு வாப்பா சொன்ன.”

பக்கத்து வாசலால் தாஸிம் உள்ளே வந்தார். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் கேபிள் சுருள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. மனிதர் தேத்தண்ணியை வைக்க இடம் தேடினார். பக்கத்திலேயே மேசை இருந்தது. ஆனாலும் தேடினார்.

“வாப்பா.”

“கத்தாம பேசுங்க மகள். முதலாளி மேல ஒபிஸ்ல ஈக்கிறார்.”

“ஏன் வாப்பா சப்ப மேல ஏத்தின?”

தாஸிம் மேடையைக் கண்ணால் காட்டினார். மேடையின் முகப்பில், ரிஸ்னா மேசனிடம் சொல்லி விடுவித்த நீளமான துவாரம் இப்போது பலகை அடித்து மூடப்பட்டிருந்தது.

“நீங்க சப் ரெண்டையும் மணவறைக்கு நேர் கீழ போட்டீக்கி. பொண்ணும் மாப்பிளயும் குந்துற எடம். அவங்கட வெளக்கு நிக்கிற எடம். முதலாளி எனக்கிட்ட கேட்டாரு, ஹாஜியார், வெளக்குக்குக் கீழ இந்தப் பெட்டி சரியாண்டு. அந்த மனுசன் அப்பிடிக் கேட்ட பொறகு நான் என்னத்தச் செல்ல? அது அவங்கட மார்க்க விசயம். நாங்க வேற ஆக்கள். அதுக்குள்ள வாய் போட்டு, இல்ல இல்ல, இங்கதான் வெப்பம்டு நிக்க ஏலுமா? நான் ஒடனே சொன்ன, வாணாம் முதலாளி, மேல தூக்கிருவம்டு.”

“அவர் மேல தூக்கச் சொன்னாரா?”

“மரியாதண்டு ஒண்டு ஈக்கிதே மகள்.”

முப்பது வருடமாகக் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் விகாரைப் பிங்கமைக்கும் ஸ்பீக்கர் கட்டிய மனிதர். யாருடைய வணக்கத்துக்கும் குறுக்கே ஒரு வயரைக்கூட இழுக்காதவர். அந்த மரியாதைதான் இப்போது எழுபத்திரண்டு கிலோவாக மேலே தொங்குகிறது என்று ரிஸ்னாவுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

“வாங்க, முதலாளிக்கிட்டயே கேப்பம்.”

“மகள், வாணாம்...”

அவள் படியேறிவிட்டாள்.

சுந்தரலிங்கம் முதலாளி கதிரையில் இல்லை. தரையில் உட்கார்ந்து, எந்த வரிசையில் யாரை இருத்துவது என்று பெயர் எழுதிய துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் கலியாணம் என்றால் முதலாளியாவது ஒன்றாவது.

“வாங்கம்மா ரிஸ்னா. சாப்பிட்டீங்களா? ஹாஜியார், ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?”

“அங்கிள், மேடைக்குக் கீழ சப் வெக்கக் கூடாதுண்டு நீங்க வாப்பாட்ட சொன்னீங்களா?”

“நானா?” முதலாளி துண்டைக் கையில் பிடித்தபடி யோசித்தார். “நான் எங்கம்மா கூடாதுன்னேன்? அந்தப் பெட்டி தடதடன்னு அடிச்சா குத்துவெளக்கு ஆடுமா, திரி அணைஞ்சிருமான்னு கேட்டேன். மங்கள வெளக்கு பாருங்க, நடுவுல அணைஞ்சா பொம்பளைங்க மனசு சங்கடப்படும். அதுக்குள்ள ஹாஜியாரே மேல தூக்கிரலாம்னாரு. இவரு தொழில்காரரு, இவருக்குத் தெரியாததான்னு நான் பேசாம இருந்துட்டேன்.”

தாஸிம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, எதாச்சும் பிரச்சினையா?”

ரிஸ்னா சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேட்டுக் கேட்டு முதலாளியின் கையிலிருந்த துண்டு மடங்கிப்போயிற்று. அதில் எழுதியிருந்தது, முன் வரிசை, பெரியத்தை வீட்டார்.

“இறக்குங்க,” என்றார். “வெளக்கப் பத்திப் பொறகு பாப்போம். முதல்ல இறக்குங்க.”

மணி பத்தேகால்.

இறக்குவது என்றால் லேசான வேலையா? பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை அங்குலம் அங்குலமாகத் தளர்த்த வேண்டும். அடிப்பெட்டி தரைக்கு வந்ததும் அதைக் கழற்றி உருட்ட வேண்டும். பிறகு அடுத்தது. ஆறும் வந்த பிறகுதான் உச்சியில் இருக்கும் சப் கைக்கு எட்டும். அதை எடுத்துவிட்டு, ஆறையும் திரும்பக் கொளுவி, ஒவ்வொன்றின் சரிவையும் சரிபார்த்து, திரும்ப ஏற்ற வேண்டும். இப்படி இரண்டு பக்கம்.

ஹுதைபா பாதுகாப்புப் பட்டியான ஹார்னெஸை மாட்டிக்கொண்டு ஏணி மேடையில் ஏறினான். ஏறும்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ரெண்டு நாளு முதுகொடிச்சு ஏத்தின சாமான். இவ ஒரு டெலிபோன் கோல்ல எறக்கிறா.”

தாஸிம் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சங்கிலியைப் பிடித்தார். ரிஸ்னா எட்ட நின்று உயரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் சங்கிலிச் சத்தம் மட்டும்தான்.

அப்போதுதான் மேலே இருந்து ஒரு குரல் வந்தது. ஹுதைபாவின் குரல் மாதிரியே இல்லை.

“வாப்பா, நிப்பாட்டுங்க.”

“என்ன மகன்?”

“நிப்பாட்டுங்க. கீழ யாரும் வராதீங்க.”

முந்தாநாள் பெட்டிகள் தொங்கும் கிளாம்பைப் பீமில் இறுக்கியபோது, அது நகர்கிறதா என்று பார்க்க ஹுதைபா தன் கையாலேயே பக்கத்தில் வெள்ளைப் பேனையால் ஒரு கோடு கீறியிருந்தான். அவன் வழக்கம் அது. இப்போது கோடு ஓரிடத்தில், கிளாம்ப் ஓரிடத்தில். நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி.

“எவ்வளவு நானா?”

அவன் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

கீழே வரிசை வரிசையாக வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். நாளைக்கு அதிலே யார் யார் உட்காருவார்கள் என்று எழுதிய துண்டுகள் மேலே ஒபிஸில் கிடந்தன.

தாஸிம் “லா இலாஹ” என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

“ரெண்டாவது ஸ்லிங்கப் போடுங்க நானா,” என்றாள் ரிஸ்னா. “பீமச் சுத்திப் போட்டு இறுக்குங்க. அதுக்குப் பொறகு எறக்குவம். அவசரப்படாதீங்க.”

ஹுதைபா ஸ்லிங் பட்டியைப் பீமைச் சுற்றிப் போட்டு இறுக்கினான். முதல் சப் தரையைத் தொட்டபோது மணி பன்னிரண்டு. ஏணியால் இறங்கி வந்தான், ஒரு போத்தல் தண்ணீரை முழுவதும் குடித்தான், மறுபக்கம் ஏறினான். நண்பகல் லுஹர் தொழுகைக்குக்கூட ஆளுக்கு ஆள் மாறித்தான் போனார்கள்.

இதற்கிடையில், சங்கிலியைத் தளர்த்திக்கொண்டிருந்த வாப்பாவின் பக்கத்தில் போய் ரிஸ்னா நின்றாள்.

“வாப்பா, அந்தப் படத்துல என்ட கையெழுத்த யாரு வெச்ச?”

சங்கிலி கடகடவென்று ஓடியது.

“வாப்பா.”

“மொதல்ல எறக்குங்க மகள். அது மேல ஈக்கும் வரைக்கும் எனக்கு ஒண்டும் பேச வராது.”

கிளாம்புகளைப் புதிதாக இறுக்கி, ஆறு ஆறு பெட்டிகளாக இரண்டு பக்கமும் திரும்ப ஏற்றியபோது ஒன்று ஐம்பது. உச்சியில் சப் இல்லாததால் பெட்டிகள் ரிஸ்னா முதலில் கீறிய உயரத்துக்கே போய் நின்றன. வாசலில் பூ லொறி வந்து ஹோர்ன் அடித்தது.

ஏணி மேடையை வெளியே உருட்டினார்கள். மேடை முகப்புப் பலகையைக் கழற்றினார்கள். உள்ளே தவழ்ந்து போய், இரண்டு சப்பையும் ஒன்றோடொன்று சேர்த்து மேடையின் நடுவுக்குக் கீழே, கொங்ரீற்றுத் தரையில் வைத்தார்கள்.

“ஏன் ரெண்டையும் ஒண்ணாவே வைக்கிறீங்க?” என்று கேட்டார் முதலாளி.

“ரெண்டு பக்கமும் பிரிச்சு வெச்சா அடித்தொனி நடு வழியில போய்க் குவியும் அங்கிள். ஓரத்துக் கதிரைக்கு ஒண்டும் கேக்காது. ஒரே எடத்துல வெச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போகும்.”

“அப்ப வெளக்கு?”

அதுதானே கேள்வி. முதலாளி தானே குத்துவிளக்கைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார். எண்ணெய் விட்டு ஐந்து திரியும் ஏற்றினார். பூக்காரர்களும் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

ரிஸ்னா மிக்ஸரில் விரலை வைத்து ஒரு கனத்த தொனியை மெதுவாக ஏற்றினாள்.

சுடர் ஆடியது.

கொஞ்சமாக அல்ல. ஐந்தும் தலையைத் தலையை ஆட்டின. விளக்கின் உச்சியில் இருந்த அன்னம் கிணுகிணுத்தது. தாஸிம் மகளைப் பார்த்தார். நான் சொன்னேன்தானே என்கிற பார்வை அல்ல அது. இனி என்ன செய்யப்போகிறோம் என்கிற பார்வை.

ரிஸ்னா தொனியை நிறுத்தினாள். மேடையின் உள்ளே தவழ்ந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“நானா! பெட்டிட மூலை மேடைச் சட்டத்துல முட்டிக்கிட்டு ஈக்கி. ஒரு முழம் பின்னால இழுக்கணும். வேன்ல ரப்பர் ஈக்கிதா?”

ஹுதைபா வேனின் கால்மிதி ரப்பரையே கழற்றி வெட்டிக்கொண்டு வந்தான். பெட்டிகளைச் சட்டத்தில் படாமல் இழுத்து, நாலு மூலைக்கும் ரப்பர் கொடுத்தார்கள்.

மறுபடியும் தொனி. ரிஸ்னா ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். கடைசி வரிசையில் நின்ற பூக்காரன் நெஞ்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இங்க வரைக்கும் வருதுங்க!” என்று கத்தினான்.

ஐந்து சுடரும் குத்திட்டு நின்றன.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்ப் புகை என்று சொன்னார். சரி, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மணி நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வெள்ளைக் கார் வந்து நின்றது.

மயில்வாகனம் நேரே மேடையடிக்குப் போனார். மேலே பார்த்தார். எண்ணினார். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கிளாம்பைப் பற்றி ஹுதைபாவிடம் கேட்டார். அவன் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான். மயில்வாகனத்தின் முகம் கறுத்தது.

“ஒருத்தரும் கீழை நிக்கேல்லைத்தானே?”

“இல்ல சேர்.”

“கடவுள் காப்பாத்தினார்.” தோல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். “இப்ப இதுக்கு வருவம்.”

படம் சுத்தமாகக் கீறப்பட்டிருந்தது. சப்பின் பாரம்கூட எழுபத்திரண்டு என்று உள்ளபடியே எழுதியிருந்தது. ஒரு கிலோ மறைக்கவில்லை. மூலையில் ரிஸ்னாவின் பெயர், அதன் மேல் கையெழுத்து. அவளுடையது மாதிரியே, ஆனால் நிதானமாக, பயந்து பயந்து வைத்த கையெழுத்து.

“பிள்ளை, அடுத்த மாசம் உமக்கு எஞ்சினியர் சங்கத்திலை நேர்முகம். உம்மைப் பற்றி நல்ல பிள்ளை எண்டு கடிதம் எழுதிக் குடுத்தவன் நான். அதாலைதான் நேரிலை கேக்கிறன். இது உம்மட கையெழுத்தோ?”

ஓம் என்றால், தாங்காத பாரத்துக்குக் கையெழுத்து வைத்தவள் என்று அவள் பெயர் கெடும். இல்லை என்றால், அடுத்த கேள்வி யாருடையது என்பதுதான். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அவளுக்கு எட்டு வயதில் பள்ளிக்கூட அறிக்கைப் புத்தகத்தில், வாப்பாவின் கையெழுத்தில் பார்த்த அதே பயந்த கோடு.

“இல்ல சேர்,” என்றாள் ரிஸ்னா. “என்ட இல்ல.”

“அப்ப ஆர்ர?”

தாஸிம் ஒரு அடி முன்னால் வந்தார். வாய் திறந்தது. ஆனால் குரல் வந்தது வேறு திசையிலிருந்து.

“நான்தான் வெச்ச சேர்.”

ஹுதைபா. ஹார்னெஸைக்கூடக் கழற்றாமல், நெஞ்சுப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்.

“தங்கச்சிக்குத் தெரியா. வாப்பாக்கும் தெரியா. நான்தான் வெச்ச. ஏத்தினதும் நான்தானே.”

மயில்வாகனம் அவனைப் பார்க்கவில்லை. ரிஸ்னாவைத்தான் பார்த்தார்.

“அப்பிடியோ பிள்ளை?”

ரிஸ்னாவின் கண் தாளின் மூலையிலேயே நின்றது. கையெழுத்துக்குக் கீழே திகதி. பன்னிரண்டு. தெல்தெனியவில், விடியற்காலையிலிருந்து பொழுது படும்வரை, அளவு நாடாவின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானாவும் பிடித்துக்கொண்டு நின்ற நாள். அன்றைக்கு முதலாளியிடம் தனியே வந்தவர் வாப்பா.

தலையை நிமிர்த்தினாள். வாப்பா சங்கிலி எண்ணெய் பட்ட கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.